இண்டக்ஷன் அடுப்பில் ஒரு கசாயம்

ஜனார்த்தனன் பியர் காய்ச்சப் புறப்பட்டதற்கு பியர் மீதிருந்த ஆசை காரணமல்ல. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அலுவலகச் சுற்றுலாவிலோ யாருடையதாவது கலியாண வரவேற்பிலோ அரைக் கிளாஸ் குடித்துவிட்டு, தலை வலிக்கிறது என்று படுத்துக்கொள்கிற மனிதன் அவன். காரணம், அலுமாரிக்கு மேல் சும்மா கிடந்த இண்டக்ஷன் அடுப்பு.

நாடே காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற வருடத்தில் அது வீட்டுக்கு வந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி ஏறும் ஒழுங்கையில், ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் ஜனார்த்தனனும் மனைவி கஜனியும் வாடகைக்கு இருந்தார்கள். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் முஹைதீன் ஹாஜியாரும் அவருடைய மனைவி மஸீனாவும். ஹாஜியார் கண்டி நகரில் நெடுங்காலம் மின்சாமான் கடை வைத்திருந்து, அதை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். கடைகளில் அடுப்பே இல்லாத அந்த நாட்களில், பழைய வியாபாரச் சிநேகிதர்களிடம் சொல்லி எங்கிருந்தோ ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். அடுப்பு வந்தபோது மின்வெட்டு நடந்துகொண்டிருந்தது. மின்வெட்டு முடிந்தபோது காஸ் வந்துவிட்டது. கஜனி காஸுக்குத் திரும்பினாள். அடுப்பு அலுமாரிக்கு மேல் ஏறியது.

ஜனார்த்தனன் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கண்டிக் கிளையில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தான். வாங்கிய பொருள் ஒன்று பயன்படாமல் கிடப்பதை அவனால் தாங்கிக்கொள்ள முடியாது. சாயங்காலம் கதிரையில் உட்கார்ந்தால் கண் தானாக மேலே போகும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இறக்கித் துடைத்து, நூடில்ஸ் வேகவைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றி வைப்பான்.

அவுஸ்திரேலியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த கஜனியின் தம்பி சுதேஷ்தான் வழி காட்டினான்.

“அத்தான், இதுல பியர் காய்ச்சலாம். நான் அங்க இதே மாதிரி ஒண்ணுலதான் காய்ச்சிறேன். காஸ்ல பொங்கினா அடங்க நேரமாகும். இதுல பட்டனை அமுக்கினா நுரை அப்படியே உட்கார்ந்திரும்.”

“கசிப்புக் கேஸ்னு பேப்பர்ல பேர் வந்தா ஸ்கூல்ல நான் எப்படி நிக்கிறது?” என்றாள் கஜனி. அவள் பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தாள்.

“கசிப்பு கள்ளச்சாராயம். பியர் வேற அக்கா.”

“அது உனக்குத் தெரியும். ரெய்ட் வர்றவனுக்குத் தெரியுமா?”

அவள் சொன்னது சரி. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் எந்த மதுவைப் புளிக்க வைத்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஜனார்த்தனனின் கண் அலுமாரிக்கு மேலேயே இருந்தது. சுதேஷ் திரும்பிப் போய்ச் சில மாதங்களில், கொழும்புக்கு வந்த ஒரு சிநேகிதன் மூலம் பார்சல் வந்தது. கித்துள் பாணி போன்ற கெட்டியான மால்ட் சாறு இரண்டு டின், கோழித்தீன் மாதிரிப் பச்சைக் குருணையாக ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூ சில பாக்கெட், ஈஸ்ட் ஒரு பாக்கெட்.

முதல் பிரச்சினை பானை. வீட்டிலிருந்த பெரிய அலுமினியச் சட்டியை வைத்ததும் அடுப்பு கீச்கீச்சென்று கத்தி, கண்ணாடியில் பிழை இலக்கத்தைக் காட்டியது. காந்தம் ஒட்டுகிற அடி உள்ள பானை வேண்டும் என்று சுதேஷ் தொலைபேசியில் சொன்னான். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த யானைப் பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜனார்த்தனன் கண்டிக் கடைகளுக்குப் போனான். ஒவ்வொரு பானையையும் கவிழ்த்து யானையை ஒட்டவைத்துப் பார்த்தான். கண்டியின் கொழும்பு வீதியில் ஒரு கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், “என்ன சார், பானைக்கு ஸ்கேன் எடுக்கிறீங்களா?” கடைசியில் ஹோட்டல்களுக்கென்று வைத்திருந்த ஒரு பெரிய எவர்சில்வர் பானையில் யானை கப்பென்று ஒட்டியது. பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட் தேவைப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை காய்ச்சல் தொடங்கியது. தண்ணீர் கொதித்ததும் மால்ட் சாற்றைக் கரைத்தான். நுரை மேலெழுந்து விளிம்பைத் தொட்டது. பட்டனை அமுக்கினான். சுதேஷ் சொன்ன மாதிரியே அப்படியே உட்கார்ந்தது. ஜனார்த்தனனுக்கு நெஞ்சு நிறைந்தது. அடுப்பு கடைசியில் தன் வேலையைக் கண்டுகொண்டதாக அவனுக்குப் பட்டது. ஹொப்ஸ் குருணையைப் போட்டு, அடுப்பை உச்சத்துக்கு ஏற்றினான். வேப்பிலையையும் புல்லையும் ஒன்றாக அவித்த மாதிரி ஒரு வாசம் எழுந்து யன்னலால் இறங்கியது. அதே நேரம் கீழே மஸீனா ஹாஜியாரின் ஜுப்பாவுக்கு அயர்ன் போடத் தொடங்கினார். வீடு முழுக்க மின்சாரம் போயிற்று.

“தம்பி! ட்ரிப் சுவிட்ச் விழுந்திட்டு! மேல என்ன போட்டீங்க?”

ஹாஜியாருக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் மின்சாரம் என்றால் அவரால் கீழே இருக்க முடியாது. கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு முனகலாக ஏறி வந்துவிட்டார். வாசம் அவரை நேராகக் குசினிக்குள் அழைத்துப் போயிற்று.

“என்ன தம்பி இது?”

“கசாயம், ஹாஜியார்.”

“என்னத்துக்கு?”

“மூட்டு வலிக்கு,” என்றான் ஜனார்த்தனன்.

“இவருக்குக் கிட்னில கல்லு,” என்றாள் கஜனி, ஹோலிலிருந்து, அதே நேரத்தில்.

ஹாஜியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டுக்கும் ஒரே மருந்தா?”

“ஆமா,” என்றார்கள் இருவரும்.

“யாரு தந்த?”

“அவுஸ்திரேலியாவிலருந்து மச்சான் அனுப்பினான்.”

“அவுஸ்திரேலியாவுல கசாயமா?”

“அங்க இப்ப எல்லாம் இயற்கைதான் ஹாஜியார்.”

ஹாஜியாரின் பார்வை பானையை விட்டு அடுப்புக்கு இறங்கியது. “இது நான் எடுத்துத் தந்த அடுப்பெல்லா? இவ்வளவு பெரிய பானைய இழுக்குதா?” என்று குனிந்து, அதன் விளிம்பை விரலால் தடவினார். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்கிற தகப்பன் மாதிரி முகம் மலர்ந்தது. “மாஷா அல்லாஹ். நல்ல சாமான். நான் அப்பவே செல்லல்லயா?”

பிறகு தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். “மூட்டு வலிக்கெண்டா எனக்கும் ஒரு கிளாஸ் தாங்க.”

ஜனார்த்தனனுக்கு மறுக்கத் தோன்றவில்லை. அதில் இன்னும் ஈஸ்ட் போடவில்லை. இனிப்பும் கசப்பும் கலந்த வெறும் பார்லித் தண்ணீர்தான். ஆற்றிக் கொடுத்தான். ஹாஜியார் பிஸ்மி சொல்லிக் குடித்து, கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

“நல்ல கசப்பு. கசப்பு ஈந்தாத்தான் மருந்து.”

அன்று பின்னேரம், ஆறிய மீதியை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றி, ஜனார்த்தனன் புனல் வைத்து ஈஸ்டைத் தூவினான். சாமி அறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் டிரம் உட்கார்ந்தது. மறுநாள் காலையிலிருந்து அது ‘புளுக், புளுக்’ என்று காற்று விட்டது. கஜனி விளக்கேற்றும்போது மணியை வழமையைவிடச் சத்தமாக ஆட்டினாள்.

இரண்டு மூன்று நாளில் கதவு தட்டப்பட்டது. ஹாஜியார் நின்றார். கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறி வந்ததாகச் சொன்னார். கீழே படியடியில் மஸீனா சாட்சிக்கு நின்று தலையாட்டினார்.

“ஒரு கிளாஸ்தான் தம்பி. சுபஹு தொழுகைக்கு குனிஞ்சு நிமிர்ந்தது எனக்கே தெரியல்ல. இன்னும் ஒரு கிளாஸ் தாங்க.”

சாமான் அறையிலிருந்து டிரம் ‘புளுக்’ என்றது.

“முடிஞ்சிருச்சு ஹாஜியார்.”

“அவ்வளவு பெரிய பானை முடிஞ்சா? எல்லாத்தையும் நீங்களா குடிச்சீங்க?” ஹாஜியாரின் முகம் வாடியது. பிறகு கவலையாக மாறியது. “கல்லு அவ்வளவு பெரிசா?”

கஜனி உள்ளே போய்விட்டாள். வேறு வழியில்லாமல், அடுத்த ஞாயிறு ஹாஜியாருக்கென்றே தனியாகக் காய்ச்சித் தருவதாக ஜனார்த்தனன் வாக்குக் கொடுத்தான். அப்படித்தான் இரண்டாவது டின் மால்ட் கசாயத்துக்குப் போயிற்று.

வாக்குக் கிடைத்த ஹாஜியார் சும்மா இருக்கவில்லை. கலகெதரவிலிருந்து அரூஸ் என்ற மின்வேலைக்காரரை வரவழைத்து, மெயின் போர்டிலிருந்து மேல்மாடிக் குசினிக்குத் தடித்த வயரில் தனி லைன் இழுத்து, தனி சுவிட்சும் போட்டுக் கொடுத்தார். “மருந்து காய்ச்சிற நேரம் கரண்ட் போகப்படாது,” என்றார். கண்டிப் பகுதியில் மதுபானம் காய்ச்சுவதற்கென்று தனி மின்னிணைப்புப் பெற்ற வீடு வேறு இருந்திருக்காது. அதைப் போட்டுக் கொடுத்தவர் வாழ்நாளில் ஒரு துளியும் தொடாதவர்.

மஸீனாவும் தன் பங்குக்குத் தொடங்கினார். வாழைத்தண்டுக் கறி, வாழைத்தண்டுச் சாறு, முள்ளங்கிச் சாறு என்று கிட்னிக் கல்லுக்கு நல்லதாகக் கேள்விப்பட்டதெல்லாம் மூடி போட்ட பாத்திரத்தில் மேலே வந்தது. ஜனார்த்தனன் அத்தனையையும் குடித்தான். அலுவலகத்தில் அடிக்கடி எழுந்து போகவேண்டி வந்தது. அங்கேயும் கல் என்றே பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனி லைனில் கசாயம் கொதித்தது. ஆறியதும் புனல் வைத்து இரண்டு பெரிய போத்தல்களில் ஊற்றி, இறுக்கி மூடிக் கீழே கொடுத்தான். ஃபிரிட்ஜுக்குள் வைக்கச் சொன்னான். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். ஈஸ்ட் தூவிய தினம் பாவித்த அதே புனல் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, பாடசாலையில் பின்னேர வகுப்பு முடிந்து வந்த கஜனியை மஸீனா படியடியில் மறித்தார். முகத்தில் சந்தோஷம்.

“மகள், ஒங்கட கசாயம் இப்ப இன்னும் நல்லமா வந்திருக்கு. ரெண்டாவது போத்தல தொறக்கக்குள்ள ஸ்ஸ்ஸ் எண்டு சோடா மாதிரி வந்திச்சு. ஹாஜியார் மூக்குல ஏறுது, நல்லம் எண்டு அரைக் கிளாஸ் குடிச்சார். ஃபிரிட்ஜுல எடம் இல்லாம அதுக்கு மேலதான் வச்சிருந்தன்.”

கஜனி படியேறி வந்து, பையைக்கூட இறக்காமல், வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கணவனின் முன்னால் நின்று இதைச் சொன்னாள்.

“எவ்வளவு இருக்கும்?” என்றான். “ஆல்கஹோல்?”

“கொஞ்சம்தான். மோர் புளிக்கிற மாதிரி. ஆனா கொஞ்சம்னு நம்ம சொல்றதுக்கும் அவர் சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்குங்க.”

“அவருக்குத் தெரியாதே.”

“மிச்ச போத்தல் இன்னும் அங்க இருக்கு. இன்னைக்கும் குடிப்பார். போய்ச் சொல்லுங்க.”

ஜனார்த்தனன் முகம் கழுவினான். சட்டை மாற்றினான். அந்த மாற்றிய சட்டையோடு சாமி அறை முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பக்கத்து அறையிலிருந்து வந்த ‘புளுக்’ இப்போது மெதுவாக, நெடுநேர இடைவெளி விட்டுக் கேட்டது. பியர் முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று சுதேஷ் சொல்லியிருந்தான். வேறொரு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்.

ஹாஜியார் பின்னேர அஸர் தொழுதுவிட்டு முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார்.

“ஹாஜியார், ஒரு விஷயம் சொல்லணும்.”

“இருங்க தம்பி. கல்லு வெளியாகிட்டா?”

“கல்லு இல்ல ஹாஜியார்.”

“அல்ஹம்துலில்லாஹ்!” ஹாஜியார் இரண்டு கையையும் உயர்த்தினார். “மஸீனா! தம்பிக்குக் கல்லு இல்லயாம்!”

“இல்ல ஹாஜியார்... எப்பவுமே இருக்கல. பொய் சொன்னோம். மேல நான் காய்ச்சினது பியர்.”

உயர்ந்த கைகள் மெல்ல மடிக்கு இறங்கின. உள்ளேயிருந்து வந்த மஸீனா வாசலிலேயே நின்றுவிட்டார். ஜனார்த்தனன் எல்லாவற்றையும் சொன்னான்: டின், குருணை, ஈஸ்ட், டிரம், புனல். சொல்லும்போது ஹாஜியார் அவனைப் பார்க்கவில்லை. தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் குடிச்சதும் பியரா?”

“மொத நாள் குடிச்சது இல்ல. சத்தியமா இல்ல. அது வெறும் பார்லியும் கசப்பும்தான். இந்த ரெண்டாவது போத்தல்தான், புனல்ல ஒட்டியிருந்தது போய்க் கொஞ்சம் புளிச்சிருக்கு.”

“கொஞ்சம் எண்டா?”

“தோசை மாவு புளிக்கிற அளவு.”

“தோசை மாவு மூக்குல ஏறாது தம்பி.”

மஸீனா உள்ளே போனார். குசினித் தொட்டியில் போத்தல் கவிழும் சத்தம் கேட்டது.

“எனக்குத் தெரியாம நடந்தது,” என்றார் ஹாஜியார் கடைசியில். “அத அல்லாஹ் பொறுப்பான். நீங்க பியர் எண்டு செல்லியிருந்தா நான் அண்டைக்கே கீழ எறங்கி ட்ரிப்ப போட்டுட்டுச் சும்மா ஈந்திருப்பன். ஒங்கட வீட்டுக்குள்ள நீங்க என்ன குடிக்கிறீங்க எண்டு நான் கேட்டிருக்கனா?”

“இல்ல ஹாஜியார்.”

“ஆனா ஒங்கட கிட்னிக்காக ஜும்ஆவுல அழுது துஆ கேட்டிருக்கன். பக்கத்துல ஈந்த ஆக்களையும் கேக்கச் சொன்னன்.” அவர் குரல் தணிந்தது. “இல்லாத கல்லுக்குக் கேட்ட துஆவ நான் எங்க கொண்டுபோய் வைக்கிற, செல்லுங்க?”

ஜனார்த்தனன் மேலே வந்து டிரம்மின் மூடியைத் திறந்தான். அதைக் கொட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் மட்டும் முகர்ந்து குடித்துப் பார்த்தான். அது நல்ல பியரா கெட்ட பியரா என்று அவனால் சொல்ல முடியவில்லை. சொல்லுமளவுக்கு அவன் பியர் குடித்தவனில்லை. டம்ளரைக் கஜனியிடம் நீட்டினான். அவள் ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள், மிச்சத்தையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

“நல்லாத்தாங்க இருக்கு,” என்றாள். “கொட்டிருங்க.”

குளியலறையில் கொட்டினான். மாடிக் குழாய் வழியாக அது பின்முற்றத்துக் கழிவுநீர்க் கானுக்கு இறங்கி, ஹாஜியார் வீட்டுக் குசினி யன்னலுக்கு நேர் கீழே நுரை நுரையாகப் பொங்கியது. அதுவரை மூடிய டிரம்முக்குள் அடங்கியிருந்த வாசம், அவன் திருந்திய அந்தப் பின்னேரத்தில்தான் ஒழுங்கை முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டு யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஜனார்த்தனன் மேலிருந்து எட்டிப் பார்த்தபோது ஹாஜியார் முற்றத்துக்கு வந்திருந்தார். கானைப் பார்த்தார். மேலே பார்க்கவில்லை. தோட்டத்து ஹோஸ் பைப்பை இழுத்து வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நுரை போகும் வரை தானே தண்ணீர் அடித்தார்.

அதன் பிறகு மேலே வாழைத்தண்டு வரவில்லை. படியில் சந்தித்தால் ஹாஜியார் தலையசைப்பார். அவ்வளவுதான். அடுப்பு அலுமாரிக்கு மேல் போயிற்று. கண்டிக்கு மழை தொடங்கி, மகாவலி ஆறு கலங்கி ஓடியது. ஈரம் கூடக் கூட, கீழே ஹாஜியார் கதிரையிலிருந்து எழும்போது விடுகிற முனகல் மேலே வரைக்கும் கேட்டது.

ஒரு சனிக்கிழமை காலை மஸீனா மேலே வந்தார். உட்காரவில்லை.

“அவர் கேக்க மாட்டார். நான்தான் வந்தன். அந்தப் பச்சைக் குருணை மிச்சம் ஈக்குதா?”

“ரெண்டு பாக்கெட் இருக்கு ஆன்ட்டி,” என்றான் ஜனார்த்தனன்.

கஜனி குறுக்கிட்டாள். இனி எதையும் மறைப்பதில்லை என்று அவள் முடிவெடுத்திருந்தாள். “ஆன்ட்டி, அது முழங்காலுக்கு மருந்துன்னு யாரும் சொல்லல. அன்னைக்கு இவர் வாய்க்கு வந்ததச் சொன்னார். நான் தேடிப் பாத்துட்டேன். அதுல ஒண்ணும் இல்ல.”

“அது எனக்கும் வெளங்கிட்டு மகள். ஆனா அவருக்கு நல்லமா ஈந்திச்சே. அத நான் கண்ணால பாத்தனே.” மஸீனா கதவடியில் நின்று நிபந்தனைகளைச் சொன்னார். இனிப்புச் சாறு வேண்டாம். போத்தல் வேண்டாம். புனல் வேண்டவே வேண்டாம். அடுப்பைக் கீழே கொண்டுவந்து, தன் குசினியில், தன் கண் முன்னால் காய்ச்சி, சூட்டோடு கொடுக்க வேண்டும்.

ஜனார்த்தனன் அடுப்பைக் கையிலெடுத்துக்கொண்டு படியிறங்கினான். அது பிறகு மேலே திரும்பவில்லை. மஸீனா அதில் தேத்தண்ணீருக்கு வெந்நீர் வைத்தார், பால் காய்ச்சினார், நோன்புக் காலத்தில் கஞ்சிகூட அதில்தான் வெந்தது. கலகெதர அரூஸ் போட்ட தனி சுவிட்ச் மேல்மாடிச் சுவரில் ஒன்றும் மாட்டாமல் நின்றது.

முதல் நாள் ஹாஜியார் குசினி மேசைக்கருகே உட்கார்ந்து, கண்ணாடி போட்டுப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில் நுரை வழியும் ஒரு பெரிய கிளாஸின் படம் இருந்தது. மஸீனா குருணையை ஒரு கறித்தூள் டப்பாவுக்குள் கொட்டிவிட்டுப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டார். தண்ணீர் கொதித்தது. ஜனார்த்தனன் ஒரு கரண்டி போட்டு, நுரை எழுந்ததும் பட்டனை அமுக்கி, வடித்து, கிளாஸில் ஊற்றி முன்னால் வைத்தான்.

ஹாஜியார் முகர்ந்து பார்த்தார். பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தார். கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

“இப்ப உண்மையச் செல்லுங்க தம்பி. இது என்னத்துக்கு மருந்து?”

“ஒண்ணுக்கும் இல்ல ஹாஜியார்.”

ஹாஜியார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நெடுநாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தது அதுதான். பிறகு மிச்சத்தையும் குடித்து, கிளாஸை மேசையில் வைத்தார்.

“நாளைக்கு இன்னும் கொஞ்சம் கசப்பாப் போடுங்க,” என்றார்.